கிருபை என்கிறவள்

விடிவதற்கு முன்பே எழுந்து, பச்சரிசியை நொய்யாக உடைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, உப்புப் பார்த்து, ஆற்றி, அம்மாக்கண்ணு கஞ்சிக் கோப்பையோடு புருஷன் அழகனின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டு கரண்டி குடிங்க... ராத்திரியும் ஒண்ணும் எறங்கல."

"வேணாம் புள்ள. கொமட்டுது."

குமட்டுகிறது என்றால் குமட்டுகிறதுதான், நோயாளியோடு மல்லுக்கு நிற்க முடியுமா? அவள் கோப்பையை மூடி வைத்தாள். அதோடு போயிருந்தால் அந்தக் காலை மற்றக் காலைகளைப் போலத்தான் இருந்திருக்கும். ஆனால் வாசல் இஸ்தோப்பில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்டது. "அண்ணே, முழிச்சிட்டீங்களா?" என்று ஒரு குரலும் கேட்டது. சுவரைப் பார்த்திருந்த அந்த மஞ்சள் பூத்த முகம் தானாகவே வாசல் பக்கம் திரும்பியது.

வந்தவள் சுதர்ஷினி. கொட்டகலை பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள். அழகன் போய்வந்த கிறிஸ்தவச் சபையில் பாட்டுப் பாடுகிறவள். புருஷனை இழந்து தனியாக இருப்பவள். நாற்பதைத் தாண்டியிருப்பாள், பார்த்தால் தெரியாது. அம்மாக்கண்ணுவுக்கு அதுவும் அவளுடைய குற்றங்களில் ஒன்றாகத்தான் பட்டது. அழகன் படுக்கையில் விழுந்ததிலிருந்து, அம்மாக்கண்ணு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்ளச் சபை முறை வைத்து ஆள் அனுப்பியது. காலை முறை சுதர்ஷினியுடையது. மத்தியானம் வேறு யாராவது வருவார்கள், அவள் இறங்கிப் போய்க் கடை திறப்பாள்.

சுதர்ஷினி பையிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தாள். மூடியில் கஞ்சியை ஊற்றி, அவன் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். அவன் குடித்தான். ஒரு வாய், இரண்டு வாய், மூடி காலியாகும்வரை குடித்தான்.

வேலைக்குச் சாக்குப் படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணுவின் கை நின்றுவிட்டது.

"என் கஞ்சி கொமட்டும்... இதெல்லாம் எறங்குமாக்கும்."

"இல்லக்கா," என்றாள் சுதர்ஷினி, நல்லெண்ணத்தோடுதான். "நான் வெறும் தண்ணியாத்தான் வச்சேன். இஞ்சி வாசம் அண்ணனுக்கு இப்ப ஒத்துக்கிறதில்ல."

என் புருஷனுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே பாடமா? அம்மாக்கண்ணு கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்திவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு நடந்தாள். பின்னால் சுதர்ஷினி மெதுவாகப் பாட ஆரம்பித்தது வரிசை வீடுகளான லயத்தின் கோடி வரைக்கும் கேட்டது.

அழகன் என்று பெயர் வைத்தவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்திருப்பார்கள் என்று கல்யாணமான புதிதில் அவள் அவனைச் சீண்டுவாள். அந்தச் சீண்டலெல்லாம் கொஞ்ச நாள்தான். பிறகு குடி வந்தது. ரோட்டோரச் சாக்கடைக் கானில் விழுந்து கிடந்தவனைத் தேடிப் போய், தோளில் சாய்த்து, இருட்டில் மலையேற்றிக் கொண்டுவந்தது யார்? வீங்கின கன்னத்தோடு மறுநாள் வேலைக்குப் போய், கேட்ட மேற்பார்வைக் கண்டாக்கையாவிடம் "வழுக்கி விழுந்துட்டேங்க" என்று பொய் சொன்னது யார்? மகன் தனுஜனைப் படிக்க வைத்து, கொழும்பில் ஒரு கடை வேலைக்கு அனுப்பியதும் அவள் ஒருத்திதான். அப்போதெல்லாம் எந்தச் சபையும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் யாரோ அவனைச் சபைக்குக் கூட்டிப் போனார்கள். போனவன் திரும்பி வந்தபோது வாயில் நாற்றமில்லை. ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தான். கை ஓங்குவது நின்றது. அவளுக்கு வெந்நீர்கூட வைத்துக் கொடுத்தான். நீயும் வா என்று அவளை இழுக்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போவதை ஒரு நாளும் தடுக்கவில்லை. இதைவிட ஒருத்திக்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, அந்த நல்ல மனுஷன் ஞாயிறு முழுக்கச் சபையிலும் புதன்கிழமை ஜெபத்திலும் இருக்கிறான் என்று உறைக்கும்வரை. அங்கே சிரிக்கிறானாம். பேசுகிறானாம். எல்லாரும் "அண்ணே, அண்ணே" என்று அவனைச் சூழ்ந்துகொள்கிறார்களாம். குடிகாரனை நான் வைத்துச் சுமந்தேன், திருந்தினவனை அவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்... இதுதான் அவள் நெஞ்சில் கிடந்த முள்.

ஈரலில் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்ன நாளிலும் அவன் "சரிங்க டாக்டர்" என்றுதான் சொன்னான். கோட்டை ஸ்டேஷனிலிருந்து கொட்டகலை வரைக்கும் ரயிலில் அவள் அழுதுகொண்டே வந்தாள். அவன் ஜன்னல் வழியாக மலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"ஏன் புள்ள அழுவுற? ஆண்டவர் வீட்டுக்குத்தானே போறேன்."

"அப்ப நான் இருக்கிற வீடு என்னாங்க?"

அவன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆண்டவர் மேலும் கோபம்தான்.

கிருபை என்ற பெயரை அவள் முதலில் கேட்டது காய்ச்சல் அடித்த ஒரு மத்தியானத்தில். அரைத் தூக்கத்தில் அவன் முனகினான். "கிருபை... கிருபைய விட்டுட்டு எப்படிப் போவேன்..." அவள் குனிந்து, "யாருங்க அது?" என்று கேட்டாள். அவன் தூங்கிப்போயிருந்தான். விழித்த பிறகு கேட்கலாம் என்று நினைத்தாள். விழித்த பிறகு கேட்க வாய் வரவில்லை. கேட்டு, அவன் சொல்லிவிட்டால்?

ஒரே சுவருக்கு அப்பால் பக்கத்துக் காம்பராவில் இருந்தது அழகனின் அண்ணன் தம்பையாவும் அவன் மனைவி ராசம்மாவும். மலையில் நிரை பிடித்துப் பறிக்கும்போது ராசம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ராசம்மா கொழுந்தைக் கூடைக்குள் எறிந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுகூடவா தெரியாது தங்கச்சி ஒனக்கு? அவங்க தண்ணியில முக்கி எடுத்தா வேற பேரு வச்சிருவாங்கல்ல. மேக்கணக்கு லயத்துச் செல்லையா மகளுக்கு ஜாய்ஸுன்னு வைக்கல? அந்தத் தையக்காரிக்கு என்னா பேரு வச்சாங்களோ..."

"அக்கா, சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். காலங்காத்தால குடையப் புடிச்சிக்கிட்டு மல ஏறி வர்றவ சும்மாவா வர்றா?"

அவ்வளவுதான். அம்மாக்கண்ணுவின் விரல்கள் அன்றைக்கு முற்றின இலையையும் சேர்த்துப் பறித்தன. நிறுக்கும்போது கங்காணியிடம் திட்டு வாங்கினாள். அதுகூட அவள் காதில் ஏறவில்லை. சுதர்ஷினிதான் கிருபை. அவளுடைய மனசுக்குள் அது கல்லில் வெட்டினதுபோல நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை மொத்தமும் வீட்டுக்கு வந்தது. உள்ளே இடமில்லாமல் இஸ்தோப்பிலும் படியிலும் உட்கார்ந்தார்கள். அம்மாக்கண்ணு அடுப்படியில் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். அழகன் ஏதோ பேச வேண்டும் என்றான். பாஸ்டர் அவனைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்தார்.

"எனக்கு சாகப் பயமில்லங்க," என்று அழகன் மூச்சு வாங்கிச் சொன்னான். "என் பாவமெல்லாம் மன்னிச்சாச்சு. ஆனா... கிருபை மட்டும் இல்லன்னா நான் என்னிக்கோ ரோட்டுலயே செத்துருப்பேன். அவளுக்கு நான் ஒண்ணுமே செய்யல. நான் போனப்பறம் அவ தனியாயிருவா. சபைதான் அவளப் பாத்துக்கணும்... அதத்தான் கேக்குறேன்."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுதர்ஷினி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடுப்படி வாசலில் நின்ற அம்மாக்கண்ணு அந்த அழுகையைப் பார்த்தாள். வேறு சாட்சி எதற்கு?

தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கத்தவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க."

"அக்கா..."

"நீ பேசாத. பாஸ்டரய்யா, இது என் வீடு. இந்த மனுஷன் கானுல கெடந்தப்ப நான் தூக்கிட்டு வந்தேன். வாந்தியக் கழுவுனேன். அடி வாங்குனேன். அப்பல்லாம் ஒங்க கிருபை எங்க போயிருந்தா? இப்ப சாகப் போற நேரத்துல வந்து கையப் புடிச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு... அவளப் பாத்துக்கணுமாம். அவளத்தான் பாத்துக்கணுமாம். எனக்கு யாருங்க இருக்கா? எல்லாரும் போங்க. இனி யாரும் இந்தப் படியேற வேணாம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. 'ஒங்க கிருபை' என்றதை ஆண்டவருடைய கிருபையைத்தான் சொல்கிறாள், துக்கத்தில் ஆண்டவரையே கோபிக்கிறாள் என்று பாஸ்டர் நினைத்துக்கொண்டார். துக்கத்தோடு வாதாடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். எல்லாரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். சுதர்ஷினி கடைசியாகப் போனாள். அவளுடைய பிளாஸ்க் கட்டிலுக்குக் கீழேயே இருந்தது.

அழகன் கண்களை மூடிக்கொண்டான். மூடிய இமை ஓரத்தில் நீர் இறங்கியது. யாருக்காக இறங்குகிறது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அதன்பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் தானே செய்தாள். துடைத்தாள், துவைத்தாள், மாத்திரை கொடுத்தாள், இஞ்சி போடாமல் கஞ்சியும் வைத்தாள். அவன் அதைக் குடித்தான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது சண்டை. 'ஏன் அவங்கள வெரட்டுன?' என்று அவன் கேட்டிருந்தால் அவளும் கேட்டிருப்பாள். அவனோ ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பாஸ்டர ஒரு தடவ வரச் சொல்றியா புள்ள? சாகுறதுக்குள்ள திருவிருந்து எடுக்கணும்."

"ஏன், நான் குடுக்குறது போதலியா?"

"அது அப்பமும் ரசமும் புள்ள. ஆண்டவரோட..."

"ஆண்டவரோட போறதுக்கு ஒங்களுக்கு அவ்வளவு அவசரம். என்னோட இருக்கத்தான் புடிக்கல."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வலி வந்து உதட்டைக் கடித்துக்கொண்டான். முன்பெல்லாம் வலி வந்தால் சபைப் பெண்கள் பாடுவார்கள், அவனும் உதட்டை அசைப்பான். இப்போது காம்பராவில் மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. அம்மாக்கண்ணுவுக்குப் பாடத் தெரியாது. தெரிந்த ஒரு தாலாட்டைப் பாடலாமா என்று யோசித்தாள். வெட்கமாக இருந்ததால் பாடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தான். எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்புதான். ஆனாலும் வலியில் விறைத்துக்கொண்ட அதை அவளால் ஒற்றையாகத் தூக்க முடியவில்லை. வாந்தி வேறு எடுத்திருந்தான். அவள் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு கை புடிங்க... விழுந்துட்டாருங்க்கா."

ராசம்மா ஈரத்தலையில் துண்டோடு எட்டிப் பார்த்தாள். "குளிச்சிட்டேன் தங்கச்சி. வெள்ளிக்கெழம... கோயிலுக்குப் போவணும். அவரும் வேலைக்குப் போயிட்டாரு."

கதவு மூடிக்கொண்டது. அம்மாக்கண்ணு திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் இதைவிட மோசமான காலைகள் அவளுக்கு வந்ததுண்டு. ஆனால் இவ்வளவு தனியாக அவள் இருந்ததில்லை.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"கிருபையக்கா... கதவத் தெறங்க."

சுதர்ஷினியின் குரல். அம்மாக்கண்ணு அசையவில்லை.

"அண்ணனப் பாக்கக் கூடாதுன்னா நான் பாக்கலக்கா. இந்த வலி மருந்த மட்டும் வாங்கிக்குங்க. கிருபையக்கா, ஒங்களத்தான்... மழையில நிக்கிறேன்."

ஒங்களத்தான்! அம்மாக்கண்ணு தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள், அந்தக் காம்பராவில் தன்னைத் தவிர வேறு பெண் யாராவது இருக்கிறாளா என்று. பிறகு தலையணையை இழுத்துப் போட்டு, அவன் தலையை மெல்ல அதில் இறக்கிவிட்டு எழுந்து கதவைத் திறந்தாள்.

"இப்ப என்னான்னு கூப்புட்ட?"

சுதர்ஷினி நனைந்து நின்றாள். "கிருபையக்கான்னு... ஏங்க்கா? ஒங்க பேரு அதுதானே?"

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான். சபைக்கு வந்த புதுசுல, சம்சாரம் பேரச் சொல்லுங்க, ஜெபிக்கணும்னு பாஸ்டர் கேட்டாரு. கிருபைன்னாரு. அன்னையிலேர்ந்து ஒவ்வொரு புதங்கெழமையும் சபையே ஒங்க பேரச் சொல்லித்தானே ஜெபிக்குது. நேர்ல அக்கான்னே கூப்புட்டுப் பழகிட்டோம்... ஏங்க்கா இப்படிப் பாக்குறீங்க?"

அம்மாக்கண்ணு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நெனச்சது..." என்றாள். மேலே போக முடியவில்லை. போகவும் தேவையிருக்கவில்லை. சுதர்ஷினி அவள் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கேட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளுக்கு இப்போதுதான் விளங்கின.

"என்னையா நெனச்சீங்க?"

தகரக் கூரையில் மழை கொட்டியது. சுதர்ஷினிக்குக் கோபம் வந்திருந்தால் அது நியாயமான கோபம். முகம் ஒரு நொடி கறுக்கத்தான் செய்தது. ஆனால் அவள் கண் உள்ளே, தரையில் கிடந்தவன் மேல் விழுந்தது. செருப்பைக் கழற்றினாள்.

"மொதல்ல அண்ணனத் தூக்குவோங்க்கா."

ஒருத்தி தோளையும் மற்றவள் காலையும் பிடித்து அவனைக் கட்டிலில் ஏற்றினார்கள். சுதர்ஷினி வாந்தியைத் துடைத்தாள். மருந்து இறங்கி, அவன் முகத்தின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அம்மாக்கண்ணு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"என் பேரு என்னாங்க?"

அவன் கண்ணைத் திறந்தான். சுதர்ஷினியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சின்னத் தப்பு செய்து பிடிபட்டவன்போல இருந்தது அவன் முகம்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மாக்கண்ணு கல்யாணமாகி வந்தபோது மாமியாருக்கும் அம்மாக்கண்ணு என்றுதான் பெயர். மருமகளை அந்தப் பெயர் சொல்லி அதட்டினால் மாமியாரை அதட்டினதாகிவிடும் என்று அந்த வீட்டில் யாருமே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ந்தா', 'புள்ள', மகன் பிறந்தபின் 'தனுஜன் அம்மா'. மாமியார் காலமாகி எத்தனையோ வருஷமாகியும் பழகின வாய் மாறவில்லை.

"அம்மா பேரு புள்ள அது," என்றான் அழகன் மெதுவாக. "என் வாயில வராது. குடிச்சிட்டு ஒன்ன என்னென்னமோ சொல்லிக் கூப்புட்டுருக்கேன். அதெல்லாம் ஆண்டவர்கிட்ட சொல்ற பேரா? பாஸ்டர் அன்னைக்குத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு... தகுதி இல்லாதவனுக்கு, கேக்காமலே, சும்மா கெடைக்கிறதுக்குப் பேருதான் கிருபைன்னு." மூச்சு வாங்கினான். "எனக்கு அப்படிக் கெடச்சது நீதானே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை விரல்களுக்கிடையே வழிந்தது.

"இத எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கலாமே... ஊருக்கெல்லாம் சொன்னீங்க. ஆண்டவருக்குச் சொன்னீங்க. இங்க பக்கத்துல படுத்துக் கெடந்தவளுக்குச் சொல்லலியே..."

"வெக்கமா இருந்துச்சு புள்ள."

"பாவி மனுஷா," என்று அவன் நெஞ்சில் முகம் புதைத்தாள். அவன் கை மெல்ல அவள் தலையைத் தேடி வந்து தங்கியது. "போறதுக்கு அவசரமான்னு கேட்டியே... ஒன்ன யாருகிட்ட விட்டுட்டுப் போறதுன்னு தெரியாமத்தான் இத்தன நாள் இழுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

சுதர்ஷினி சத்தமில்லாமல் எழுந்து வாசல் பக்கம் போனாள். அம்மாக்கண்ணு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன மன்னிச்சிரும்மா. வாய் கூசாம ஒன்ன..."

சுதர்ஷினி மழையைப் பார்த்தபடி சொன்னாள்.

"என் வீட்டுக்காரர் ஆசுபத்திரியில யாருமே இல்லாமச் செத்துட்டாருக்கா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஒரு வாய் தண்ணி என் கையால குடுக்கல. அண்ணனுக்குக் கஞ்சி குடுக்குறப்பல்லாம் எனக்கு அவரு நெனப்புத்தான். அது தப்புன்னா சொல்லுங்க... நான் வரல."

அம்மாக்கண்ணு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நனைந்த சேலை, வேர்த்த சேலை என்று பார்க்காமல் இரண்டு பேரும் நெடுநேரம் அழுதார்கள்.

அன்று பின்னேரமே பாஸ்டர் வந்தார். சின்ன அப்பத் துண்டைத் திராட்சை ரசத்தில் நனைத்து அழகனின் உதட்டில் வைத்தார். அம்மாக்கண்ணு விபூதி நெற்றியோடு பக்கத்தில் நின்று அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதை அழித்துவிட்டு வா என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விறகு வந்தது, தண்ணீர் வந்தது, இரவில் விழித்திருக்க ஆள் வந்தார்கள். காலையில் சுதர்ஷினி வந்தாள். அவள் பாடும்போது அழகனின் முகம் மலர்வதைப் பார்த்தால் அம்மாக்கண்ணுவுக்கு இன்னும் சுருக்கென்றுதான் இருந்தது. பொறாமை என்ன, ஒரு மன்னிப்போடு ஓடிப்போகிற சாமானா? ஆனால் இப்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கேட்டாள்.

ஒரு காலையில், மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றபோது, அவன் மூச்சு இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. சபைப் பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று தாழ்ந்த குரலில் பாடினார்கள். அவன் பாட்டைக் கேட்கவில்லை, கண்கள் ஆளைத் தேடின. "இங்கதான் இருக்கேன்," என்று அவள் முகத்தை அருகில் கொண்டுபோனாள். அவளுக்கு ஜெபம் தெரியாது. அவன் வேலைக்குப் போகும்போதெல்லாம் தான் சொல்வதைத்தான் சொன்னாள்.

"பாத்துப் போயிட்டு வாங்க."

அவன் சிரித்ததுபோல இருந்தது. அத்தோடு முடிந்துவிட்டது.

மறுநாள் பெட்டி தூக்கும் நேரம். தனுஜன் கொழும்பிலிருந்து வந்து பெட்டியின் தலைமாட்டைப் பிடித்திருந்தான். லயத்துக் கோடியில், பாதை மயானத்துக்குத் திரும்புகிற இடத்தில், தம்பையா குறுக்கே நின்று கையை நீட்டினான்.

"பொம்பளைங்க இத்தோட நில்லுங்க. தனுஜன் அம்மா, நீ வீட்டுக்குப் போ. எங்க வழக்கத்துல பொம்பள சுடுகாட்டுக்கு வர்றதில்ல."

ராசம்மா அவள் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தாள். அம்மாக்கண்ணு நின்றாள். அதுதான் வழக்கம், அவளுக்கும் தெரியும். அவளுடைய அம்மாவும் இதே மாதிரி ஒரு மூலையில் நின்று திரும்பியவள்தான்.

"எங்க சபையில அப்படி இல்லங்க பெரியண்ணே," என்றாள் சுதர்ஷினி. "சம்சாரம் கடைசிவரைக்கும் போகலாம். மொதப் பிடி மண்ணும் அவங்கதான் போடுவாங்க."

"அது ஒங்க சபைக்காரிக்கு. இவ யாரு?"

எல்லாரும் பாஸ்டரைப் பார்த்தார்கள். அம்மாக்கண்ணு யாரையும் பார்க்கவில்லை. ராசம்மாவின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பெரிய மச்சான், இவரு ரோட்டுல கெடந்த ராத்திரியெல்லாம் நீங்க யாரும் வரல. நாந்தான் போயி வீட்டுக்குக் கொண்டாந்தேன். ஒரு நாளும் பாதி வழியில விட்டுட்டுத் திரும்புனதில்ல. இன்னிக்கு மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

தம்பையாவின் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். ஒரு பக்கம் சுதர்ஷினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தேயிலை நிரைகளுக்கு நடுவே அந்தக் குறுகின பாதையில் சபைப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள்.

பெட்டி குழிக்குள் இறங்கியது. பாஸ்டர் ஜெபித்து முடித்து, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மாக்கண்ணு குனிந்து ஒரு பிடி ஈரமண்ணை எடுத்தாள். உடனே போடவில்லை. குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும் என்ற கூச்சமே இல்லாமல், புருஷனிடம் பேசினாள்.

"ந்தாங்க... அங்க போயி எல்லார்கூடயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காதீங்க. நான் வர்ற வரைக்கும் ஒரு ஓரமா உக்காந்திருங்க."

மண் பெட்டியின் மேல் விழுந்தது. பாஸ்டர் புத்தகத்தைப் பிடித்தபடி நின்றார். சுதர்ஷினிதான் முதலில் ஆமென் என்றாள்.